தகப்பன்: சிநேகிதர்

1

இந்தக் கதை ஒரு பஞ்சுக்குச்சியில் தொடங்கியது. 2007 சித்திரையில், மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்துச் சாப்பாட்டு அறையில், பெட்டி ஏற்றும் எமிலியானுஸ் வாயைப் பிளந்து உள்கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லுக்கொதியோ அண்ணை?" என்றான் கூட வேலைசெய்யும் பெடியன்.

"இல்லையடா. அப்பனைத் தேடுறன்."

நான் முதலில் எழுதிய தொடக்கம் இப்படி: "பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர்..." விட்டேன். மொன்றியல் கதை எல்லாவற்றிலும் பனி உருகுகிறது. கதையும் பெட்டிபோலத்தான். கைப்பிடி எங்கே என்று பாராமல் தூக்கினால் இடுப்புப் போய்விடும்.

கைப்பிடி இது. எமிலியானுஸின் மகள் றெபேக்காவும் கர்க்லாண்டில் வீடு வைத்திருக்கும் நீக்கிலாப்பிள்ளையின் மகன் நிஷானும் விரும்பிக்கொண்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஊர் மன்னார். முதல் சந்திப்பிலேயே நீக்கிலாப்பிள்ளை கேட்டுவிட்டார்.

"சம்பந்தி, நீங்கள் அங்கை எந்த வீட்டார்?"

"பேந்து சொல்லுறன்," என்றார் எமிலியானுஸ்.

2

சொல்லக்கூடிய பெயரில்லை. ஊரில் அவர்களைச் 'சிநேகிதர் வீட்டார்' என்பார்கள், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். எமிலியானுஸின் பூட்டனுடைய ஞானஸ்நானப் பதிவில், தகப்பன் பெயர் தெரியாது என்று எழுத மனம் வராத சுவாமியார் ஒருவர், 'தகப்பன்: சிநேகிதர்' என்று எழுதிவைத்தார்.

[அவளுக்கு அங்கே ஒரு சிநேகிதம் என்று சொன்னால், இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள் என்று தமிழில் எவரும் விளங்கிக்கொள்வதில்லை.]

டவுன்டவுனில் சரித்திரம் படிக்கும் றெபேக்காதான் நெருப்பைக் கொளுத்தினாள்.

"பப்பா, குவேக்கர் எண்டு ஒரு கிறிஸ்தவச் சபை இருக்கு. அவை தங்களைச் சிநேகிதர் எண்டுதான் சொல்லுறவை. அந்தக் காலத்திலை நீதவானுக்கு முன்னாலையும் தொப்பி கழட்டாயினமாம்."

எமிலியானுஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பூட்டனின் அப்பன் மாதா கோவிலுக்குள்ளும் தொப்பி கழற்றாத வெள்ளைக்காரன் என்று அவருடைய தகப்பனார் சொல்வதுண்டு. ஒரு போத்தல் முடிந்த பிறகுதான் சொல்வார், ஆனாலும் சொல்வார்.

"வழுக்கையனும் தொப்பி கழட்டமாட்டான்," என்றாள் மனைவி கத்தரின். "உங்கடை தலையைப் பாத்தால் அதுதான் பொருந்துது."

3

மகளோடு குவேக்கர் கூட்டத்துக்குப் போனார். எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். பூசை இல்லை, பாட்டில்லை. பரிசுத்த ஆவி ஏவினவர் மட்டும் எழும்பிப் பேசலாம். அன்றைக்கு ஆவி ஒருவரையும் ஏவவில்லை. விமான இரைச்சலில் பாதிக் காது போன மனிதருக்கு அது சொர்க்கமாயிருந்தது.

அங்கிருந்த வயதான பெண் ஒருவர் உதவ முன்வந்தார். சபைக்கு வெளியே கலியாணம் செய்தவர்களை முன்பு தள்ளிவைத்தார்களாம், தள்ளிவைத்ததையும் எழுதிவைத்தார்களாம். லண்டனுக்கு எழுதிக் கேட்டார். மன்னாரில் கலியாணம் செய்து தள்ளுபட்டவர் எவருமில்லை என்று பதில் வந்தது.

"அப்ப சரி," என்றார் எமிலியானுஸ். "ஆள் கலியாணம் கட்டேல்லை. அதுதான் தள்ளேல்லை."

(இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே நம்பாமல் பேனாவை வைத்துவிட்டேன். இல்லாத சாட்சியைச் சாட்சியாக்குகிறவர் எதைத்தான் ஆக்கமாட்டார். ஆனால் பிழை எங்கே என்று தேடினேன். அகப்படவில்லை.)

4

மரபணு பார்க்க அனுப்பிய பஞ்சுக்குச்சியின் முடிவு கணினியில் வந்தது. அவருடைய தகப்பன்வழி, இந்தியாவிலிருந்து அயர்லாந்து வரை பரந்த ஒரு கிளையாம்.

"இதுக்கு ஒரு உலகப்படம் வாங்கியிருக்கலாம்," என்றாள் கத்தரின்.

"கீழை பாருங்கோ," என்றாள் றெபேக்கா. அவள் குரல் மாறியிருந்தது.

கீழே, அதே தகப்பன்வழியில் அச்சொட்டாகப் பொருந்தும் ஒரே ஓர் ஆளின் பெயர் இருந்தது: நீக்கிலாப்பிள்ளை, கர்க்லாண்ட்.

தாங்கள் போர்த்துக்கேயத் தளபதி ஒருவனின் வம்சம் என்று அவர் பீற்றிக்கொள்வதால், நத்தார்ப் பரிசாக நிஷான் அவருக்கும் இதே குச்சியை வாங்கிக் கொடுத்திருந்தான். இனி இரண்டிலொன்று. சிநேகிதர் நீக்கிலாப்பிள்ளையின் ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து இறங்கி வந்தவர். அல்லது தொப்பிக்காரர் இரண்டு வீட்டுக்கும் சிநேகிதர்.

எதுவானாலும் ஒரே தகப்பன்வழி என்றால் பங்காளி. பங்காளியோடு சம்பந்தம் செய்ய முடியாது. றெபேக்காவும் நிஷானும் தங்கை, அண்ணன் முறை.

"அஞ்சு தலைமுறை பப்பா. கோவிலே மறிக்காது."

"கோவில் மறிக்காது," என்றாள் கத்தரின். "நிஷானின்ரை தாய் மறிப்பா."

5

ஞாயிறு மத்தியானம், கர்க்லாண்டில் விருந்து. மரபணுப் பொருத்தம் தகப்பன்மார் இருவருக்கும் ஒரே நாளில்தான் அறிவிக்கப்பட்டது. எமிலியானுஸுக்கு அது தெரியும், நீக்கிலாப்பிள்ளைக்கும் தெரியும். நிஷானின் தாய்க்கு மட்டும் தெரியாது.

முடிவு அ: நீக்கிலாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறார், கலியாணம்... (இல்லை. ஆட்டிறைச்சிக் கறியை விட்டு எழும்பும் மன்னாரானை நான் கண்டதில்லை.)

முடிவு ஆ: இருவரும் கட்டியணைத்து அழ, பின்னணியில்... (சீ.)

நடந்தது இவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஒருவரும் பேசவில்லை. றெபேக்கா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். முழுக் குவேக்கர் கூட்டம். கடைசியில் ஆவி நீக்கிலாப்பிள்ளையை ஏவியது. அகப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடன், தம்பி."

சம்பந்தி என்று சொல்லவில்லை. தம்பி என்றார். நிஷானின் தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

எமிலியானுஸின் வாயில் இரண்டு சொற்கள் நின்றன. 'அண்ணை' என்றால் தேடிய வீடு கிடைக்கும், மகளின் கலியாணம் ஆட்டம் காணும். 'சம்பந்தி' என்றால் கலியாணம் நடக்கும், பூட்டனின் அப்பன் மறுபடியும் ஊரின் சிரிப்பாவான். அகப்பையிலிருந்து குழம்பு மேசைவிரிப்பில் சொட்டியது. அவர் வாயைத் திறந்தார்.

நான் இத்தோடு எழும்புகிறேன். அந்தச் சொல்லை நீங்கள் போடுங்கள்.

குவேக்கர் கலியாணத்தில் வந்திருக்கும் எல்லாருமே சாட்சிக் கையெழுத்து வைப்பார்களாம். கலியாணம் நடக்கும் சொல்லை நீங்கள் போட்டிருந்தால், கீழே கோடு விட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பகுதியா, பெண் பகுதியா என்று குழம்ப வேண்டாம். உறவு என்ற இடத்தில், சுவாமியார் எழுதியதையே எழுதுங்கள்.

சாட்சி: ____________

உறவு: ____________