முதற்பலன் பரங்கிக்காய்

வெங்காய விலை ஏறி ஊரே அலறிய வருஷம்தான் என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்கு விவசாயம் பிடித்தது. பேய் பிடித்திருந்தால் ஜெபம் பண்ணி ஓட்டியிருக்கலாம். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடமெல்லாம் பாத்தி. இனிமேல் கடைக் காய்கறி கிடையாது, மிச்சமாகும் காசில் கிறிஸ்துமஸுக்கு உனக்கு மிக்ஸி என்றார். பழைய மிக்ஸி புகைவிட்டுச் செத்ததிலிருந்து நான் அம்மியில்தான் அரைத்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. மிக்ஸிக்காகவே வாயை மூடிக்கொண்டேன்.

தக்காளியைப் பூச்சி தின்றது. வெண்டைக்காயை எலி தின்றது. நாங்கள் கீரை தின்றோம். ஆனாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிக்ஸிக் காசு சேர்ந்துகொண்டே வந்தது. தோட்டத்தில் ஒரே ஒரு பரங்கிக்காய் மட்டும் தப்பித்துப் பெருத்தது. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி அதை வளர்த்தவள் நான்.

அதற்குள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் முதலில் கிடைத்ததை முதற்பலனாகப் படைப்பதும், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டுச் சபை நிதியில் சேர்ப்பதும் எங்கள் வழக்கம். மற்றவர்கள் மார்க்கெட்டில் வாங்கிய காயைப் பீடத்தில் வைத்துவிட்டு சிவனே என்று உட்கார்ந்திருப்பார்கள். இவரோ என் பரங்கிக்காய்க்கு ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. போகட்டும், பரங்கிக்காய்க்கு எவன் போட்டி போடப்போகிறான், சல்லிசாக நானே எடுத்துவிடலாம் என்று பாட்டில் காசைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

ஏலத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து கை தூக்கினேன். பின்னால் ஒருவர் கூடுதலாகக் கேட்கிறார் என்றார் சபைப் பொருளாளர். திரும்பிப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரிந்தது. நான் ஏற்றினேன். அந்தக் கையும் ஏற்றியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் காயை எந்தப் படுபாவி தின்றுவிடுகிறான் பார்க்கலாம் என்று பர்ஸில் இருந்த மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். காய் எனக்கே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சகோதரி ஜூடித்தின் தாராள மனசுக்காகப் போதகர் ஸ்தோத்திரம் சொன்னார்.

காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தால், எங்கள் மாடியில் குடியிருக்கும் நாராயணசாமி, நெற்றியில் நாமத்தோடு, ஏலம் நடக்கையில் வெளியிலேயே நின்றுவிட்ட ஓஸ்வால்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாரி சார். லேடீஸ் சைடுல யாரோ ஒரு அம்மா விடவே இல்ல."

கொடுத்த காயைத் தானே ஏலத்தில் எடுத்தால் கஞ்சன் என்பார்களாம். அதனால் இவர் நாராயணசாமிக்குக் காபி வாங்கிக் கொடுத்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து காலிப் பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தேங்காயையும் சீரகத்தையும் மிளகாயையும் அம்மியில் வைத்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மூச்சு வாங்க அரைத்தார். நான் பக்கத்தில் பரங்கிக்காயை வெட்டினேன். நடுவில் மெதுவாகக் கையை நீட்டி விதைகளைப் பொறுக்கிப் பேப்பரில் சேர்க்க ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷத்துக்கு ஆகும், ஜூடித்."

"அதையும் சேத்து அரைங்க," என்றேன்.

அரைத்தார்.