விழுந்து கிடக்க வேண்டிய சுற்று

ஜேர்மனியின் எசன் நகரத்தின் ஓரத்தில், மூடிப்போன சுரங்கமொன்றின் இயந்திரக் கூடத்தில், வார இறுதிகளில் சேயோன் அடிவாங்கி விழுந்துகொண்டிருந்தான். எல்லாம் நடிப்புத்தான். நூறு வருடங்களுக்கு முந்திய ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் போட்டிகளை, அந்தக் காலத்து உடையோடும் மெல்லிய தோல் கையுறையோடும் நடத்திக்காட்டும் நிகழ்ச்சி அது. பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு பழங்காலத் தொப்பி கொடுப்பார்கள். உள்ளே பியர் விற்பார்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சாம்பியன்கள் பலர் கறுப்பினப் போட்டியாளர்களோடு பட்டத்துக்கு மோத மறுத்தார்கள். அப்படி மறுக்காமல் ஒரு போட்டி நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம். சாம்பியனாக ஹொல்கர், எதிராளியாக சேயோன். நிகழ்ச்சியை நடத்திய திருமதி லென்ஸ் முதல் நாள் சேயோனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கறுப்புப் பூச்சே தேவையில்லை" என்று சந்தோசப்பட்டாள். நடந்தேயிராத அந்தப் போட்டியிலும் கதைப்படி அவன்தான் தோற்க வேண்டும். சனம் அதற்குத்தான் வருகிறது என்றாள்.

அவன் ஒத்துக்கொண்டான். பகலெல்லாம் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் நின்று முதுகு விட்டுப்போன, நாற்பதை நெருங்கும் ஒருவனை வேறு எந்த மேடை ஏற்றும்? அதோடு எதிரே நிற்பவன் ஹொல்கர். பதினாறு வயதிலிருந்து ஒரே சங்கத்தில் பயிற்சி எடுத்தவர்கள். மாநிலத் தெரிவில் சேயோனைக் காரணமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று பயிற்றுநரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, அதனாலேயே சங்கத்தை விட்டு விலக்கப்பட்டவன் ஹொல்கர். எங்கே அடிப்பதுபோல் ஓங்கினால் எங்கே தலையைத் திருப்புவது என்பது இருவருக்கும் பேசாமலே தெரியும். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

கூட்டம் என்ன கத்த வேண்டும் என்பதைப் பெரிய அட்டைகளில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். 'கிடந்த இடத்திலேயே கிட!' என்பது அதிலொன்று. முதல் மாதம் அது சேயோனின் காதில் ஏறவில்லை. பிறகு, வேலையிடத்திலும் அது அவன் காதுக்குள் கேட்கத் தொடங்கியது. வீட்டில் சொல்லவில்லை. மனைவி சிவப்பிரியாவுக்கு அவன் சாம்பியன் போட்டியில் நடிக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏழு வயது மகள் பார்கவியையும் கூட்டிக்கொண்டு, அவனிடம் சொல்லாமலே ரிக்கற் எடுத்து வந்து முன்வரிசையில் இருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அவர்களைக் கண்ட சேயோன் திரையை இழுத்து மூடினான்.

ஹொல்கர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை வந்திருக்கிறாள் போல. இரண்டாம் சுற்றில் நான் ஒருதரம் விழட்டுமா?" என்று கேட்டான்.

"லென்ஸ் கத்துவாள்."

"கத்தட்டும்."

சொன்னபடியே விழுந்தான். கூட்டம் கதையில் இல்லாததைக் கண்டு ஊளையிட்டது. பார்கவி எழும்பி நின்று கைதட்டினாள். சேயோன் அதைப் பார்த்தான். அந்த நிமிடத்தில், இனி விழக்கூடாது என்று அவனுக்குள் ஏதோ இறுகிக்கொண்டது.

ஆனாலும் கடைசிச் சுற்றில் விழுந்தான். பழகிய உடம்பு தானாகவே விழுந்தது. கித்தானில் கன்னம் ஒட்டக் கிடந்தான். அட்டைகள் உயர்ந்தன. 'கிடந்த இடத்திலேயே கிட!' நடுவராக நடித்தவர் விரலை ஆட்டி எண்ணத் தொடங்க, கூடமே சேர்ந்து எண்ணியது. ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை. அந்த நூற்றுக்கணக்கான குரல்களுக்குள் ஒரு கீச்சுக் குரல் அவனுக்குத் தனியாகக் கேட்டது. தொப்பி கண்ணை மறைக்க, சிரித்தபடி, பார்கவியும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டில் அவன் எழுந்தான்.

ஹொல்கர் ஏற்கெனவே கைகளை உயர்த்திக் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தான். சத்தம் மாறியதைக் கேட்டுத் திரும்பி, "என்னடா?" என்பதுபோல் பாதிச் சிரிப்போடு பார்த்தான். சேயோன் அடித்தது அந்தச் சிரிப்பில். நடிப்புக்கான அடியல்ல. ஹொல்கர் தலையைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டுமென்று அவனுக்கு எப்படித் தெரியும்? மல்லாக்கச் சாய்ந்தான். பழைய காலம்போல இருக்கட்டும் என்று கித்தானுக்குக் கீழே வெறும் பலகைதான் போட்டிருந்தார்கள். பின்தலை அதில் பட்ட சத்தம் சேயோனின் பாதத்தில் அதிர்ந்தது.

கூட்டம் இது புதுத் திருப்பம் என்று நினைத்து ஆரவாரித்தது. திரும்பவும் எண்ணத் தொடங்கியது. ஹொல்கரின் காதிலிருந்து இரத்தம் வடிந்தது.

"எண்ணாதையுங்கோ!" என்று சேயோன் தமிழில் கத்தினான். "நிப்பாட்டுங்கோ!" யாருக்கும் விளங்கவில்லை. பத்துவரை எண்ணி முடித்தார்கள்.

அம்புலன்ஸ் போன பிறகு உடைமாற்றும் அறைக்கு சிவப்பிரியா வந்தாள். பிள்ளையை வெளியே விட்டிருந்தாள்.

"ஏன் எழும்பினீங்கள்?"

"அவள் எண்ணினதைக் கேட்டனீயோ?"

"அவள் சின்னப்பிள்ளை. எல்லாரும் எண்ணினவை, அவளும் எண்ணினாள்." அவள் கதவைச் சாத்தினாள். "அதுக்கு அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

அவன் கையுறையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. அவளிடம் கையை நீட்டவும் துணிவு வரவில்லை.

பொலிஸ் விசாரித்தது. ஒத்திகை பார்த்த அசைவு பிசகியதால் வந்த விபத்து என்று திருமதி லென்ஸ் எழுதிக் கொடுத்தாள். பலகையைப் பற்றி யாரும் கேட்காமலிருக்க அவளுக்கும் அதுவே வசதி. சேயோன் உண்மையைச் சொல்லத்தான் போனான். அதிகாரியின் முன்னால் இருந்தபோது பார்கவியின் முகம் வந்தது. விபத்துத்தான் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

ஹொல்கர் பிழைத்துக்கொண்டான். பல வாரங்களுக்குப் பிறகு, மறுவாழ்வு மருத்துவமனையில் அவனைப் பார்க்க சேயோனுக்கு அனுமதி கிடைத்தது. யன்னலருகே இருந்த ஹொல்கர் இவனைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தான். சொற்கள் இழுபட்டுத்தான் வந்தன.

"நான்... வழுக்கி விழுந்தேனாம்."

"இல்லை. நான் அடித்தேன். வேண்டுமென்றே அடித்தேன்."

ஹொல்கருக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் குழந்தைபோல அழுதான். சேயோன் தொட்ட தன் கையை இழுத்துக்கொண்டான். அப்படியே அவன் வெறுத்துவிட்டிருந்தால் சேயோன் அதைச் சுமந்துகொண்டிருப்பான்.

அடுத்த முறை போனபோது ஹொல்கர் பழையபடி முகம் மலர்ந்தான். சென்றமுறை வந்ததோ, சொன்னதோ, அழுததோ அவனுக்கு நினைவில்லை. புதிதாக எதுவும் அவனிடம் தங்குவதில்லை என்று தாதி சொன்னாள்.

"நான்... வழுக்கி விழுந்தேனாம்," என்றான். "சனிக்கிழமை... ஆட்டம் இருக்கா?"

சேயோன் வாயைத் திறந்தான். இன்னொருதரம் அவனை அழவைக்க ஏலவில்லை. "இருக்கு," என்றான். ஹொல்கர் சந்தோசத்தோடு அவன் கையைப் பிடித்து வைத்திருந்தான். விடவேயில்லை.

அதன்பிறகு சேயோன் அங்கே போகவில்லை.