ஷெட்டில் இன்னொரு லோடு

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லீங்க."

பதினொரு வருடங்களுக்கு முன், நஜீர் பெண் பார்க்க வந்தபோது அவனும் ஜஹானாராவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. அப்போது பூந்தமல்லியில் ஒரு பேக்கரியில் கேக் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்க நினைத்தாள். அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயில் வந்தது 'ஒண்ணுமில்லீங்க'.

அதன்பின் பாரிவாக்கத்தில் மனை, வீடு, மகள் ஷிபாவின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. வீட்டில் குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலை எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு கேக் சுடுவாள். தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள் வந்தால் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

போன மாதம் நஜீர் எலெக்ட்ரிக் கார் வாங்கினான். சார்ஜர் வைக்க ஷெட்டுக்கென்று, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் தனி டிபி பெட்டி வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன் அமல்ராஜ். இன்று காலையிலேயே வந்து, வீட்டு மெயினிலிருந்து ஷெட் வரை சுவரை வெட்டிக் குழாய் பதித்துவிட்டார். எர்த்துக்குப் புதிதாகக் குழியும் தோண்டியாயிற்று.

"பாய், இனிமே ஒயர்தான் வாங்கணும்," என்றார். "கார் சார்ஜர், ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. வேற இன்னா லோடு வருது?"

"ஒண்ணுமில்ல."

"நல்லா ரோசன பண்ணி சொல்லுங்க. லோட பாத்துதான் ஒயரு. எல்லாம் பூசி பெயின்ட் அடிச்சப்புறம் ஃபோன் போட்டு, 'அண்ணாத்தே, ஒரு ஏசி'ன்னீங்க, உங்க நம்பர ப்ளாக் பண்ணிடுவேன்."

"கார் ஷெட்டுக்கு எவனாவது ஏசி போடுவானா?"

"கோவில்பதாகைல ஒருத்தர் போட்டுகினாரு பாய். சம்சாரத்தோட சண்டன்னா அங்கதான் படுக்கையாம்."

நஜீர் சிரித்தான். டீ கொண்டுவந்த ஜஹானாராவுக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் கண் பின்சுவரில் இருந்தது. போன வாரம் அவன் காரை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதும், தையல் டேப்பை வைத்து அளந்திருந்தாள். காருக்குப் பின்னால் நாலரை அடி மிச்சம். ஓவனுக்கு மூன்றடி போதும்.

"அப்ப ஆறு எம்எம் ஒயர் போதும்," என்று அமல்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். நஜீர் கடைக்குக் கிளம்ப ஹெல்மெட்டை எடுத்தான். அமல்ராஜ் சுவரில் மாட்டியிருந்த டிபி பெட்டிக்குள், ஒவ்வொரு சுவிட்ச் இடத்துக்கும் கீழே பென்சிலால் எழுத ஆரம்பித்தார்: சார்ஜர், லைட்டு, ஃபேன். நான்காவது இடத்தில் பென்சில் நின்றது.

"இது சும்மாதான் கீது. தகடு போட்டு மூடிடறேன்."

"மூடாதீங்கண்ணே," என்றாள் ஜஹானாரா.

இருவரும் திரும்பினார்கள். ஹெல்மெட்டைப் பாதி மாட்டியபடி நஜீர் அவளைப் பார்த்தான்.

"இன்னா ஜஹானா?"

அவள் டீத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க, எனக்கு இங்க ஒரு பெரிய ஓவன் வெச்சுக் குடுங்க. நான் கேக் போட்டு விக்கணும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."