நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம்

1

இந்தக் கதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். ஆனேக்கல் போகும் சாலையில் இருக்கும் இளங்குருமடத்துக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. பத்தாவது முடித்த பையன்கள் குருவாகும் எண்ணத்தோடு சேர்ந்து, பி.யு.சி. படிப்போடு ஜெபமும் பழகும் இடம் அது. அங்கே படித்தவர்களின் பெற்றோரில் ஒருவர் விழா மலருக்கு எழுதவேண்டுமாம். என்னைக் கேட்டதில் வியப்பில்லை. காக்ஸ் டவுனில் முப்பது வருடம் தமிழாசிரியனாக இருந்தவன். இந்த வட்டாரத்தில் யார் வேலைக்கு மனுப் போட்டாலும், மாற்றல் கேட்டாலும், எழுதியது அநேகமாக அப்பாதுரை வாத்தியாராகத்தான் இருக்கும். நான் எழுதிய விண்ணப்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை, ஒன்றைத் தவிர.

அவர்கள் கேட்டது கட்டுரை. நான் கதையாக எழுதுகிறேன். கதையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் தொடக்கம்: “சேவியர் என்ற அந்தச் சிறுவன் மழலைப் பருவத்திலேயே பக்தியில் திளைத்து…” (இதை விட்டுவிட்டேன். மழலைப் பருவத்தில் அவன் பூசைக்கு நடுவில் தூங்கினான்.)

இரண்டாம் தொடக்கத்தை என் மனைவி சாந்தகுமாரி படித்தாள்.

“யாருங்க இந்த சேவியரு? பெத்தவ நானு. பேர் வெச்சது உங்கப்பா. தனிஸ்லாஸ்னு எழுத கை வலிக்குதா?”

ஆகவே பையன் பெயர் தனிஸ்லாஸ். என் மகன்.

பெயரைச் சொன்னபின் மற்றதையும் சொல்லவேண்டும். 1995இல் அவன் குருமடத்தை விட்டு வந்தபோது மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னவன் நான். எங்கள் வீட்டுப் பிள்ளை வேண்டாமென்று வந்துவிட்டான் என்ற பேச்சு எழக்கூடாது. ஒன்பது வருடமாக அந்தக் காமாலையைக் காப்பாற்றி வருகிறேன். உள்ளபடி எழுதினால் அது போய்விடும்.

2

குருமடத்தைப் பற்றி எழுதுவது எளிது. அதில் எனக்குப் பொய் தேவைப்படவில்லை.

ஐந்து மணிக்கு மணி அடிக்கும். இரவு ஜெபம் முடிந்ததிலிருந்து காலைப் பூசை முடியும்வரை ஒருவரும் பேசக்கூடாது. ஐம்பது பையன்கள், பதினாறு பதினேழு வயது! பள்ளிக்கூடத்தில் நாற்பது பேரை ஐந்து நிமிடம் அமைதியாக வைக்க என் தொண்டை போதாது. அங்கே அதட்டும் குரலையே நான் கேட்டதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் பார்க்கப் போகலாம். கொண்டுபோகும் பலகாரம் எல்லாம் பொது மேசைக்கு. சாந்தகுமாரி ஒரு டின் நிறையக் குல்குல் செய்து கொண்டுவந்தாள். தனிஸ்லாஸ் டின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு வந்தான். அவன் பங்குக்கு நான்கு வந்ததாம். வீட்டில் தங்கையோடு ஒரு முட்டைக்குச் சண்டை போட்டவன் அவன்.*

மதியம் பத்து நிமிடம் ஆத்தும சோதனை. கோயிலில் உட்கார்ந்து ஒவ்வொருவனும் தன்னையே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: “காலையிலிருந்து எங்கே நான் பொய்யாக இருந்தேன்?” அதிபர் டென்சில் சாமியார் ஏற்படுத்திய வழக்கம். பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடும் என்று அப்போது நினைத்தேன்.

*அடிக்குறிப்பு: முட்டைச் சண்டையை எடுத்துவிடச் சொல்கிறாள் மனைவி. இருக்கட்டும்.

3

இரண்டாம் வருட முடிவில் ஒவ்வொரு பையனும் அதிபருக்குத் தன் கைப்பட விண்ணப்பம் எழுதவேண்டும். ஏன் தொடர்ந்து குருவாகப் படிக்க விரும்புகிறேன் என்று. யாரும் உதவக்கூடாது.

விண்ணப்பம். அப்பாதுரை வாத்தியார் மகன். நான் சும்மா இருப்பேனா?

மார்ச் மாத முதல் ஞாயிறு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன்.

“அப்படியே பார்த்து எழுதிடு.”

“அப்பா, இது நானே எழுதணும்பா.”

“உன்னைத்தானே எழுதச் சொல்றேன்? கை உன்னுதுதானே?”

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவன் கண்ணீர் விட்டான். உண்மையில் அழவில்லை. குனிந்து, பிசிறில்லாத கையெழுத்தில் எழுதி முடித்தான். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.)

4

புதன்கிழமை அதிபர் கூப்பிட்டனுப்பினார். மங்களூர்க்காரர், கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்.

“மாஸ்டர், கூத்கொள்ளி, உக்காருங்க. இருபத்தஞ்சு லெட்டர் படிச்சேன். இதுதான் ஃபஸ்ட் கிளாஸ். உங்களையே சேத்துக்கலாம். வயசுதான் சொல்ப ஜாஸ்தி.”

எனக்கு முகம் சுட்டது. “யார் சொன்னது?”

“உங்க மகன்தான். நேத்து ஆத்தும சோதனை முடிஞ்சதும் சாப்பிடக்கூடப் போகாம நேரா இங்க வந்தான். ‘ஃபாதர், இந்த லெட்டர்ல இருக்கற தேவ அழைத்தல் எங்கப்பாவுது’ன்னான். ஒரு வெள்ளைத் தாள் குடுத்தேன். எழுதினான். வீட்டுக்குப் போறேன்னு.”

“எங்க குடும்பத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது…”

“தெரியும் மாஸ்டர். இப்படி ஒரு பையன் வந்த குடும்பம்.”

அந்த வார்த்தையின் மதிப்பு அன்று எனக்குப் புரியவில்லை. எழுந்து நின்று, அவன் எழுதியதைக் காட்டுங்கள் என்றேன்.

“அது அவன் எனக்கு எழுதினது. உங்களுக்கு இல்ல.”

பஸ்ஸில் எங்களுக்கு நடுவில் தகரப் பெட்டி இருந்தது. பொம்மனஹள்ளி தாண்டும்போது கேட்டான்: “கோவமாப்பா?”

“டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்க” என்றேன்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சில வருடம் கழித்துத் தனிஸ்லாஸ் திரும்பிப் போய்க் குருவாகிறான். (போகவில்லை.)

இரண்டு: பெரிய உத்தியோகத்துக்கு வந்து குடும்பப் பெயரை… (ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். அதை வெளியே சொல்லவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மதியம் பத்து நிமிடம் மாடிப்படியில் தனியே போய் உட்காருவானாம். கூட வேலை செய்யும் பெண் சொன்னாள். அந்த இரண்டு வருடப் படிப்பு அவனை விட்டுப் போகவே இல்லை.)

இதையும் எழுதிவிடுகிறேன். அவன் வந்த புதிதில் அக்கம்பக்கத்தார் “இப்ப உடம்பு எப்படிப்பா?” என்று கேட்பார்கள். “எனக்கு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு” என்பான். அடக்கமான பையன், நோயைக்கூடச் சொல்லிக்கொள்ளமாட்டான் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

மூன்று: அந்த வெள்ளைத் தாளில் அவன் எழுதியது. “அன்புள்ள ஃபாதர், என் தந்தையின் மனம் நோகாமல்…” என்று தொடங்கி ஒரு பக்கம். நானே எழுதினேன், அவன் குரலில். இதுவரை நான் எழுதியதில் சிறந்தது.

போன ஞாயிறு அதை அவனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

“இத நான் எழுதினேனாப்பா?”

“எழுதியிருக்கலாம்.”

சிரித்தான். “திரும்பவும் பார்த்து எழுதணுமா?”

சமையலறையில் சாந்தகுமாரி சிரித்தது எனக்குக் கேட்டது.

6

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதன் இடத்தை அப்படியே விடுகிறேன். அச்சுக் கோர்ப்பவர் விளம்பரம் போட்டு நிரப்பவேண்டாம்.

[                    ]

அன்று அந்த வெள்ளைத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று டென்சில் சாமியாருக்கும் தனிஸ்லாசுக்கும் தெரியும். எனக்குத் தெரியவேண்டியதில்லை. வாசகரே, நீங்களும் எனக்காக இரங்கி நல்லதாக ஒன்றை யோசித்து அதில் வைக்காதீர்கள்.

கதை முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. மேசைமேல் உறை இருக்கிறது. முகவரி எழுதியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை. நாளை அனுப்புவேனோ, காமாலையையே காப்பாற்றுவேனோ, இந்த வரியை எழுதும்போது சொல்ல முடியவில்லை. முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது: இதை அச்சில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், என் மகனுக்கு எந்த நோயும் வரவில்லை.