மூக்கில்லாத எஞ்சின்

நான் சிங்கப்பூருக்கு அக்கரையில், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் நிற்பவன். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். பதினெட்டு வருடமாக இதையே செய்கிறேன். அதனால் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். "சாமியே வந்து விபூதி குடுத்தாலும் பையத் தொறந்து காட்டுன்னுதான் சொல்லுவீங்க" என்பாள் என் மனைவி மலர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை என் நான்கு துண்டுகளைக் காணவில்லை. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி ரயில் செய்வது எனக்குப் பிடித்த பைத்தியம். மறுநாள் பக்கத்து ஊரான மாசாயின் பேரங்காடியில் எங்கள் ரயில் குழுவின் கண்காட்சி. எஞ்சின் முழுவதும் தயார், முன்பக்கத்து மூக்கு மட்டும் பாக்கி. அதற்கு அடர்நீலத்தில் வளைந்த துண்டுகள் நான்கு வேண்டும். அந்த நிறம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது. ஆறு மாதம் காத்திருந்து வரவழைத்து, மேசைமேல் ஒரு தட்டில் வைத்திருந்தேன். இப்போது தட்டில் தூசிதான் இருந்தது.

வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். மலர் பெருக்கிய குப்பையைக்கூடக் கிளறினேன். முந்தின நாள் வீட்டுக்கு வந்தவன் ஒரே ஒருவன்தான். நவ்சாத்.

நவ்சாத்துக்கு மாசாயில் சாப்பாட்டுக்கடை. ஐந்து வருடமாக வியாழன்தோறும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வருவான். ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ரயில் கட்டுவோம். கூடப் பிறந்தவர்களோடுகூட நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அப்படிப்பட்டவன்மேல் சந்தேகமா என்று ஒரு மனம் கேட்டது. அவனைத் தவிர வேறு யாருக்கு இதன் அருமை தெரியும் என்றது இன்னொரு மனம். இரண்டாவது மனம்தான் எனக்குச் சம்பளம் வாங்கித் தருகிறது.

"அவரு எடுப்பாரா? வாய் கூசாம சொல்றீங்க" என்றாள் மலர்.

"நீ சும்மா இரு. நாளைக்குப் பாரு" என்றேன்.

சனிக்கிழமை காலை பேரங்காடியில் முதலில் அவன் எஞ்சின்தான் என் கண்ணில் பட்டது. அடர்நீல மூக்கு. நான்கு துண்டு. என் எஞ்சினோ மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையோடு நின்றது.

"இது ஏது?" என்றேன்.

"முபீனா சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்துச்சு மச்சான்." முபீனா அவன் மகள், அங்கே வேலை பார்க்கிறாள்.

"எப்போ?"

"போன வாரம்."

"அப்புறம் வியாழக்கிழமை ஏன் சொல்லல?"

"இன்னிக்குக் காட்டி உன்னை அசத்தலாம்னு இருந்தேன் லா."

வாசலில் பிடிபடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், கேட்டதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார்கள். குழுத் தலைவி வாசுகி பக்கத்தில் தண்டவாளம் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "என் தட்டுல இருந்ததை நீ எடுத்தியா, இல்லையா?"

நவ்சாத் தன் எஞ்சினிலிருந்து நான்கு துண்டுகளையும் நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "மாட்டிக்க" என்றான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே கும்மாளம்.

என் ரயில் ஓடியது. குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்தார்கள். அவன் ரயில் மூக்கில்லாமல் பின்னால் சுற்றியது. "அங்கிள், அது ஏன் உடைஞ்சிருக்கு?" என்று ஒரு சிறுமி அவனிடம் கேட்டாள். "ரிப்பேர்மா" என்றான்.

மதியம் என் எஞ்சின் நின்றுபோனது. பேட்டரி தீர்ந்திருந்தது. கூரையைக் கழற்றினேன். எஞ்சினின் உட்புறம் யார் கண்ணுக்கும் படாது என்பதால், அங்கே கைக்கு வந்த நிறத்தைப் போட்டு அடைப்பது எங்கள் வழக்கம். பேட்டரி ஆடாமல் இருக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்டதையும் சொருகியிருந்தேன். அவற்றுக்கு நடுவே அடர்நீலத்தில் வளைந்த துண்டுகள் நான்கு.

அப்போதும் என் புத்தியைப் பாருங்கள், நவ்சாத்தே காலையில் உள்ளே திணித்திருப்பானோ என்றுதான் போனது. ஆனால் வியாழக்கிழமை இரட்டை ஷிப்ட் முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தில் அதை அடைத்தது நான். அதன்பிறகு எஞ்சின் என் கையை விட்டு அகலவே இல்லை.

நிமிர்ந்தேன். நவ்சாத் பக்கத்தில் நின்றிருந்தான். எஞ்சினுக்குள் அவன் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நீ அடைக்கிறப்ப பக்கத்துலதான உக்காந்திருந்தேன். மூக்குக்கு வேற துண்டு கெடச்சிருச்சுபோல, அதான் இதை உள்ள போடுறன்னு நெனச்சேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"எங்க இருக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எடுத்தியான்னு கேட்ட."

வாசுகியைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று அவள் முன்னாலேயே சொன்னேன். மூக்கைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். வாங்கினான், ஆனால் மாட்டவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வியாழக்கிழமை வருவ தானே?" என்றேன்.

அவன் ரயிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"கடைக்கு வாங்க, சாப்பிடலாம்" என்றான், வாடிக்கையாளரைக் கூப்பிடுவதுபோல. "வீட்டுக்கு இனிமே நான் வரல."