இடது கன்னத்து மச்சம்

அக்காவின் படத்தை இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'திருத்தப்பட்ட படம், ஏற்க இயலாது' என்று ஒரே வரி. கடையில் அந்த நேரம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். பன்னிரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு ஒரு படம் ஒழுங்காக எடுத்துக் கொடுக்க எனக்கு வக்கில்லை.

அக்கா மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கலைந்துபோனது. இந்தத் தடவை கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனுக்கோ ஷிஃப்ட் வேலை. அம்மா எப்போது வரும், அம்மா எப்போது வரும் என்று தினமும் ஃபோனில் அழுகிறாள். அம்மா போக விசா வேண்டும், விசாவுக்குப் படம் வேண்டும், படத்துக்கு நான் வேண்டும். வேறு கடையில் எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். தங்கச்சி கடையைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருத்தன் முன்னால் போய் உட்காருவேனா என்று என் மேலேயே பாய்ந்தாள்.

முதல் தடவை நடந்தது இதுதான். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அக்கா 'இடது கன்னத்தில் மச்சம்' என்று எழுதியிருந்தாள். நான் அனுப்பிய படத்தில் மச்சம் இல்லை. வேண்டுமென்று எடுக்கவில்லை. படத்தைத் திறந்தால் என் கை தானாகப் போகும். பரு, தழும்பு, கருவளையம், மச்சம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போகும், மனசு வேறெங்கோ இருக்கும். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதே 'மெழுகு' என்றுதான். எதையும் பூசி மெழுகிவிடுவேனாம். பஸ் ஓட்டுகிற மனுஷர், வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. உங்கக்காவை மச்சக்காரி என்பார்கள், நீ மச்சத்தையே பிடுங்கிவிட்டாய், பிறகு அதிர்ஷ்டம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை செய்ததை வெளியே சொன்னால் வெட்கம். அதே படத்தைத் திறந்து, மச்சத்தைத் திரும்ப ஒட்டினேன். இடது பக்கம்தான் ஒட்டினேன், ஆனால் என் இடது பக்கம். திரையில் என் இடது கைப் பக்கம் தெரிவது எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கன்னம். நேற்று கேமரா வாங்கியவனுக்குக்கூட இது தெரியும். அவசரத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மச்சம் கன்னம் மாறி உட்கார்ந்தது, அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனிமேல் நேரில்தான் வர வேண்டும், பழைய அடையாள அட்டையையும் கொண்டுவர வேண்டும், படத்தில் கைவைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். பதினாறு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். சரி, கைவைக்காமல் எடுத்துவிட்டால் போகிறது, இது ஒரு பெரிய விஷயமா என்று அன்றைக்கே அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் குப்பை. தலைக்குப் பின்னால் சுவரில் இன்னொரு தலை மாதிரிக் கறுப்பாக நிழல். நெற்றி எண்ணெய் வடிகிற மாதிரி மின்னியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. லைட் பழசு என்றேன். சுவருக்கு வெள்ளை அடித்து நாளாகிவிட்டது என்றேன். நீ ஆடாமல் உட்கார மாட்டாயா என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அக்கா பையை எடுத்துக்கொண்டு, இடுப்பு விட்டுப்போச்சு, உனக்குப் படம் எடுக்க வந்ததும் சொல்லி அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எல்லாப் படமும் இப்படித்தான் இருந்திருக்கும். 'எப்படியாவது எடு, பிறகு பார்த்துக்கலாம்' என்று பட்டனை அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிழலைத் துடைத்து, கண்ணைத் திறந்து, நிறத்தை ஏற்றி ஒரு முகத்தைச் செய்து கொடுத்திருக்கிறேன். போர்டில் ஃபோட்டோ ஸ்டுடியோ என்று போட்டிருக்கிறேன். ஃபோட்டோ எடுக்க எனக்குத் தெரியாது. அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளிலிருந்து வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவருக்கு மத்தியான ஷிஃப்ட், காலையில் கடை திறக்கும்வரை சும்மாதானே இருக்கிறார். வழுக்கைத் தலை வேறு, லைட் எங்கே விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, கேமராவின் சின்னத் திரையில் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதல் நாள் ஸ்டூலை ஓர் அடி முன்னால் இழுத்தேன். நிழல் போகவில்லை. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி. நாலடி தள்ளி வந்த பிறகு சுவர் சுத்தமானது. இந்த ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷமும் ஒரு காலையும் ஆகியிருக்கிறது.

நிழல் போனால் மினுமினுப்பு வந்தது. லைட்டைத் தள்ளிவைத்து, முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினேன். மினுமினுப்பு போனால் முகம் செத்துப்போய்க் கிடந்தது. லைட்டை ஏற்றினால் கண் குழியாகியது, இறக்கினால் மூக்கு வீங்கியது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவது நாள் லென்ஸ் மூடியைச் சுவரில் வீசினேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த மனுஷர் திடுக்கிட்டு எழுந்து, ஸ்டாப் வந்துடுச்சா என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுதேன்.

ஏழாவது நாள், தூக்கம் வராமலிருக்க அவர் மடியில் பேப்பரை விரித்து வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். தலையைத் தூக்குங்க என்று கத்திக்கொண்டே பட்டனை அமுக்கினேன். திரையில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே இருட்டு இல்லை. பேப்பரை எடுக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தேன், இருட்டு வந்தது. விரிக்கச் சொன்னேன், போனது. மடியில் இருக்கிற வெள்ளை, வெளிச்சத்தை வாங்கி முகத்துக்குக் கீழேயிருந்து திருப்பிக் கொடுக்கிறது. நான் மௌஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் செய்ததை, படித்து முடித்த ஒரு பேப்பர் சும்மா செய்கிறது. அதற்குப் பிறகும் நாலு நாள் விடாமல் எடுத்தேன். வைத்த இடத்தில் வைத்த மாதிரி லைட் விழுகிற வரைக்கும் அவரை விடவில்லை.

பன்னிரண்டாவது நாள் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள், முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். மடியில் வெள்ளை அட்டையை வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, இடது கண்ணைத் தவிர. ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மருந்தில் குணமாகிவிட்டது, ஆனால் இடது இமை மட்டும் அரைக் கதவாக இறங்கியே நின்றுவிட்டது. அதன் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் வலது கண்ணை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டிவிடுவேன். அவளிடம் சொன்னதில்லை. யாரும் அவளைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று ஆசை, அவ்வளவுதான்.

படத்துக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவள் கண்ணைச் சுருக்கினாள், இமை இன்னும் இறங்கியது. கண்ணை மூடு, நான் சொல்லும்போது திற என்றேன். திறக்கிற அந்த நொடியில் மட்டும் இமை கிட்டத்தட்ட முழுதாக மேலே போய்த் திரும்ப இறங்கியது. அதைப் பிடிக்க வேண்டும். சொல்வதற்கும் அமுக்குவதற்கும் நடுவில் என் விரல் பிந்தியது, பிறகு முந்தியது. முப்பத்தொரு தடவை மூடித் திறந்தாள். முப்பத்திரண்டாவதில் பிடித்தேன்.

திரையில் அக்கா இருந்தாள். இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் தெளிவாக நேரே பார்த்தது. இடது கன்னத்தில் மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்து, நான்தான் என்று மட்டும் சொன்னாள்.

விசா ஆபீஸுக்கு நேரில் போன அன்றைக்கு நானும் கூடப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா படத்தைக் கையில் வாங்கினாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்தில் மச்சம் எழுதியிருந்த இடத்தில் ஒரு டிக் போட்டாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அடையாள அட்டையைக் கேட்டாள்.

அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அட்டையில் இருப்பது ஐந்து வருஷத்துக்கு முன் என் கடையில் எடுத்த படம்.

அந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் மச்சம் இல்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவு. கன்னம் வழவழவென்று இருந்தது.

"இது யாரும்மா?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றாள் அக்கா.

அது நான் எடுத்த படம், நான்தான் மாற்றினேன் என்று குறுக்கே புகுந்து சொன்னேன். கண்ணை எப்படிச் செய்தேன் என்பதுவரை சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. முதலில் அட்டையைத் திருத்தி வாங்குங்கள், எட்டு வாரம் ஆகும், அதற்குப் பிறகு வாருங்கள் என்றாள். பெண் எட்டாம் மாதத்தில் படுத்துக் கிடக்கிறாள் என்று அக்கா சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். அந்த அம்மாவுக்கும் சங்கடம்தான். என் பக்கம் திரும்பி, "இவ்வளவு நல்லா எடுக்கத் தெரிஞ்சவங்க, அன்னைக்கே இப்படி எடுத்திருக்கலாமே" என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வரும்வரை அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அட்டையை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டி" என்றாள். "என் மூஞ்சியில உனக்கு என்னடி பிடிக்கல?"

பிடிக்காமல் இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்தது, ஏறினோம்.

ஐந்தாவது வாரம் குழந்தை பிறந்துவிட்டது. பெண். தாயும் பிள்ளையும் நலம், கடவுள் அந்த மட்டுக்கும் கண் திறந்தான். ஆனால் இருபது மணி நேரம் வலியில் கத்தியபோது பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள அம்மா இல்லை. அட்டை இன்னும் வந்தபாடில்லை. அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, இங்கேதான் இருக்கேன், இங்கேதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

மறுநாள் காலை கடைக்கு வந்தாள். ஃபோனில் வந்திருந்த பேத்தியின் படத்தைக் காட்டி, பெரிதாக ஒன்று பிரின்ட் போட்டுக் கொடு என்றாள். கம்ப்யூட்டரில் திறந்தேன். குழந்தையின் நெற்றியில், புருவத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு தழும்பு. பிரசவத்தில் கருவியை வைத்து இழுத்தபோது பட்டதாம்.

அக்கா எதிரே உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பேத்தியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. மௌஸின் மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். பிரின்ட் போட எந்தப் பட்டன் என்று காட்டினேன். அக்கா குனிந்து, தானே அமுக்கினாள்.