முப்பத்தொன்றாம் எண் கிண்ணம்

பானை பார்க்கப் போகிற ஆள் நான் இல்லை. தையல் கடை வைத்திருக்கிறேன். துணியைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்காகப் பேசுவேன். அக்கா மண்ணைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அவள் போய் நாலு மாதம் ஆகிறது, நான் இன்னும் அழவில்லை. கடை திறக்கிறேன், அளவெடுக்கிறேன், சாப்பிடுகிறேன். மனசு மரத்துக் கிடக்கிறது. கல்நெஞ்சக்காரி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் கடைசியாகச் செய்த கிண்ணத்தைச் சுட்டுக் கண்காட்சிக்குக் கொடுத்திருப்பதாக, மண்பாண்டச் சங்கத்துச் செயலாளர் அம்மா போனில் சொன்னார். அதன் எண் முப்பத்தொன்றாம். கொடுப்பதையெல்லாம் வைத்துவிட மாட்டார்கள். வெளியூர் நடுவர் ஒருவர் வருவார். பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டி அவர் முன் வைப்பார்கள், அவர் எடுத்தால்தான் உள்ளே. அக்கா ஏழு தடவை கொடுத்தும் ஒரு தடவைகூட எடுபடவில்லை. இந்தக் கடைசி ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும். நாலு மாதத்தில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

கூடத்தில் நீள மேசைகள். மேசைவிரிப்பின் ஓரத்தை யாரோ கோணலாக மடித்துத் தைத்திருந்தார்கள். இருபத்தொன்பது, ஒரு பூச்சாடி. முப்பது, மூடி போட்ட ஜாடி. அடுத்தது முப்பத்திரண்டு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன், முப்பத்திரண்டுதான்.

செயலாளர் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார். "உள்ள வாங்கம்மா, சொல்றேன்."

பின்னறையில், திருப்பி அனுப்ப வேண்டியவை தரையில் வரிசையாக இருந்தன. அக்காவின் கிண்ணம் ஜன்னலோரம். நல்ல நீலம். உள்ளே ஒரு சீட்டு: 'அடி கனம். வேலை முடியவில்லை.'

"யாருங்க அந்த நடுவர்? செத்தவ செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"செஞ்சவங்க பேரை நடுவர்கிட்ட சொல்லக் கூடாதும்மா. அந்த விதியைச் சண்டை போட்டுக் கொண்டு வந்ததே உங்க அக்காதான்."

கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். மேலே மெல்லிசாக இருந்தது, அடி செங்கல் கனம் கனத்தது.

"ஏன் இப்படி இருக்கு?"

"பாதி காஞ்சதும் அடியைச் சீவணும்மா. மறுநாள் வந்து சீவறேன்னு பிளாஸ்டிக்ல சுத்தி வச்சுட்டுப் போனாங்க. வரவேயில்ல." அவர் குரல் இறங்கியது. "அவங்க கை பட்டதுல நாங்க கத்தி வைக்கலாமா? யாருக்கும் மனசு வரல. அப்படியே காயவிட்டு, அவங்க எப்பவும் பூசற நீலத்தைப் பூசிச் சுட்டுட்டோம்."

பொத்தானுக்குக் காஜா எடுக்காத சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பாசத்தில் செய்த வேலை, திட்டவும் முடியவில்லை. இனி அந்த அடியில் கத்தி இறங்காது. நடுவர் சொன்னது சரி, அக்காவே இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாள். அப்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை.

"வாசல்ல தனி மேசை போட்டு, அவங்க படத்தோட வச்சிடலாம்மா. நாங்க பேசிட்டோம்."

"வேண்டாங்க. அரைகுறை வேலையை ஊர் பாக்க வச்சீங்கன்னு தெரிஞ்சா, அவ உங்களை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா."

அவர் மூக்கை உறிஞ்சியபடி கிண்ணத்தைப் பழைய பேப்பரில் சுற்றினார். எனக்குப் பின்னால், தங்கள் வீட்டார் செய்து எடுபடாத பொருளை வாங்க இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். காலையிலிருந்து எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவருக்கு. பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மனசை விட வேணாம்னு சொல்லுங்க. அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு செஞ்சு கொடுக்கட்டும்."

"சரிங்க, சொல்றேன்" என்றேன்.

அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். வாசல் படியில் கால் வைத்தபோதுதான், யாரிடம் போய்ச் சொல்வது என்று உறைத்தது. அக்கா செத்துவிட்டாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு வழிகூட விடாமல், அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.